நீல மூடி

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையில் அலை கிடையாது. கடல் பார்க்க வருகிறவர்களுக்கு அது ஒரு பெரிய ஏமாற்றம். தண்ணீர் அசையாமல் கிடக்கும். கரையிலிருந்து இரண்டடி தள்ளினால் அடி தெரியாது. பெரிய கப்பல்கள் இவ்வளவு கிட்ட வந்து நிற்பது அதனால்தான் என்று பெருமையாகச் சொல்லுவோம். நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் மத்தியான வெயிலில் அந்தத் தண்ணீரைத் தனியாகப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல இருக்கும்.

அந்தக் கரைக்கு நான் போனது ஒரு விளையாட்டுக்காக. ஜியோகேஷிங் என்று பெயர். ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்கேயாவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் இலக்கங்களை ஒரு செயலியில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துத் தேடிப் போய், பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் தாளில் தங்கள் அடையாளத்தைப் போட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டும். பிறகு செயலியில் ‘கண்டேன்’ என்று எழுதலாம். அவ்வளவுதான். பரிசு ஒன்றும் இல்லை. வளர்ந்த மனிதர்கள் செடிப்பற்றைக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பது இதற்காகத்தான் என்று சொன்னபோது நான் வேலை செய்கிற கந்தோரில் ஒருவரும் நம்பவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் வந்து தேடிவிட்டுப் போவார்கள். ஊரில் நிரந்தரமாக இருந்தது மூன்று பேர். தண்ணீர்ப் பம்பிகள் திருத்துகிற ஒருவர். அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கிண்ணியாவில் டயர்க்கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஒருவர். அவரை நானா என்பேன். மூன்றாவது நான். நில அளவைக் கந்தோரில் இருபது வருஷமாகப் படம் வரைகிறவள். இலக்கங்களைப் பார்த்து இடத்தைச் சொல்வது என் தொழில். அதனால் இந்த விளையாட்டில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. கொஞ்சம் என்று இப்போது சொல்கிறேன்.

போர் கண்ட எங்கள் ஊரில் ஒளித்துவைத்த பெட்டி என்றால் சனம் முதலில் வேறொன்றைத்தான் நினைக்கும். நினைக்காமல் இருக்கத்தான் முடியுமா? அதனால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத சட்டங்கள் எங்களுக்கு இருந்தன. பெட்டி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். மூடிக்கு மட்டும் நிறம் இருக்கலாம். மேலே மூன்று மொழியிலும் ‘விளையாட்டுப் பெட்டி, பயப்பட வேண்டாம்’ என்று எழுதி ஒட்ட வேண்டும். கிட்ட ஒரு காவலரண் இருந்தால் அங்கே நிற்கிற ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஒருமுறை ஒரு சிப்பாய் நானாவின் பெட்டியைத் தானே தேடிக் கண்டுபிடித்து, தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டான். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம்.

தாளில் நாங்கள் பெயர் எழுதுவதில்லை. ஆளுக்கு ஒரு குறி. அண்ணைக்கு ஒரு நண்டு. நானாவுக்கு ஒரு வட்டம், டயராம். என்னுடையது முக்கோணம், நடுவில் ஒரு புள்ளி. அளவைப் படத்தில் நிலையான புள்ளியைக் காட்ட நாங்கள் போடும் குறி அது. இடம் மாறாதது, நம்பலாம் என்று அதற்கு அர்த்தம்.

அண்ணை கடைசியாக வைத்த பெட்டி கடற்படையின் வேலி முடிகிற இடத்துக்கு அங்கால், தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறையில் இருந்தது. அந்தப் பாறைக்குக் கீழே குடைவு ஏதோ இருக்கிறது. அலையே இல்லாத தண்ணீர் அதற்குள் போய் எப்போதாவது ‘டொக்’ என்று தட்டும். ஒரு தடவை தட்டினால் அடுத்தது எப்போது என்று சொல்ல ஏலாது. காதைக் கொடுத்தால் வராது. மறந்து நிற்கும்போது காலுக்குக் கீழே தட்டும். உள்ளே ஆள் இருப்பது போலவே இருக்கும். அண்ணைக்கு அது நல்ல பகிடியாக இருந்தது. செயலியில் அவர் கொடுத்த துப்பு இவ்வளவுதான்: ‘தேடுகிறவர் தலை குனிவார். பெட்டி குனியாது.’

நான் மூன்று தரம் போனேன். பாறையில் உள்ள ஒவ்வொரு வெடிப்பிலும் கையை விட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை. நானா முதல் தரமே கண்டுபிடித்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் அண்ணை பகிடி விடத் தொடங்கினார். “தங்கச்சி, படம் வரையிறது வேற, பெட்டி தேடுறது வேற. கந்தோரால ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோவன்” என்று எழுதினார். எழுதியவர் சிரித்துக்கொண்டுதான் எழுதியிருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சு எரிந்தது.

நாலாம் தரம் போகும்போது என் கைப்பையில் நானே செய்த ஒரு பெட்டி இருந்தது. நீல மூடி. உள்ளே ஒரு தாள், ஒரு துண்டுப் பென்சில். இந்த விளையாட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பழைய பெட்டி தொலைந்துவிட்டதென்று நிச்சயமாகத் தெரிந்தால், சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுப் புதியது ஒன்று வைத்து உதவலாம். நான் கேட்கவில்லை. தொலைந்ததென்று நிச்சயமும் இல்லை. முந்தின நாள்தான் ஒரு ஜெர்மன்காரர் ‘கண்டேன்’ என்று எழுதியிருந்தார். ஆனாலும் பாறையின் முன்பக்கத்தால் மூன்று படி அளவுக்கு இறங்கி, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே இருந்த வெடிப்பில் என் பெட்டியைச் செருகினேன். அதன் தாளில் என் முக்கோணத்தைப் போட்டேன். ஏறிவந்து, வீதிக்கு நடந்து, சிக்னல் வந்த இடத்தில் நின்று ‘கண்டேன். பெட்டி நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதினேன். நான் இறங்கும்போதும் ஏறும்போதும் கீழே ஒரு தட்டும் கேட்கவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அன்று பின்னேரம் அண்ணையிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது.

“மூடி என்ன நிறம் தங்கச்சி?”

“நீலம்” என்று அனுப்பினேன். வேறென்ன அனுப்புவது? அவர் பெருவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தக் கிழமையே மாரி மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. பெரிய மழை விட்டால் அண்ணை தன் பெட்டிகளைப் பார்வையிட வெளிக்கிட்டுவிடுவார். தாள் நனைந்ததா, மூடி இறுக்கமா என்று பார்ப்பார். அந்தச் சனிக்கிழமை காலையிலும் சைக்கிளில் வெளிக்கிட்டிருக்கிறார். திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய, தோணியில் போனவர்கள் அவரைத் தண்ணீரில் கண்டார்கள். பாறையின் மேல் அவருடைய செருப்பு இரண்டும் சோடியாக வைத்தபடி இருந்தன. பக்கத்தில் தோள்பை. பைக்குள் போன்.

மரண விசாரணையில் தண்ணீரில் மூழ்கியது என்று மட்டும் எழுதினார்கள். மிச்சத்தைச் சனம் எழுதியது. செத்தவீட்டில் என் கதிரைக்குப் பின்னால் இரண்டு பேர் கதைத்தது எனக்கு நன்றாகக் கேட்டது.

“செருப்பைக் கழட்டி வச்சிட்டெல்லோ போயிருக்கிறார்.”

“ஓம். வழுக்கி விழுகிற ஆள் செருப்பைச் சோடியா அடுக்கிப்போட்டு விழுவானே?”

நான் திரும்பிச் சொல்லியிருக்கலாம். பாசி பிடித்த பாறையில் றப்பர்ச் செருப்போடு இறங்கினால்தான் வழுக்கும், இறங்கத் தெரிந்தவன் வெறுங்காலோடுதான் இறங்குவான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அவர் ஏன் அதில் இறங்கினார்? அவருடைய பெட்டி கீழே இல்லை என்று நானாவுக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த கையோடு பாறைக்குப் போனேன். என் பெட்டியை எடுத்து எறிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு மூளைகெட்ட எண்ணம். மேலே குப்புறப் படுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வெடிப்பு வெறுமையாக இருந்தது. பாசி பச்சைப் பசேலென்று தண்ணீர் வரைக்கும் இறங்கியிருந்தது. அதில் ஓரிடத்தில் மட்டும் ஐந்து விரல் அகலத்துக்கு வழித்துவிட்டது போல ஒரு தடம். எழும்பித் திரும்பினேன். நான் நின்ற தட்டுக்குப் பின்னால் பாறை உயர்ந்து, கூரைபோல என் தலைக்கு மேல் நீண்டிருந்தது. அதன் அடிப்பக்கத்துப் பொந்தில், அண்ணாந்தால் முகத்துக்கு நேரே, சிவப்பு மூடி தெரிந்தது. நாலு தரம் வந்தவள் ஒரு தரமும் அண்ணாந்து பார்க்கவில்லை. அதில் கை வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அப்போது காலுக்குக் கீழே ‘டொக்’ என்று தட்டியது. வீதி வரும் வரைக்கும் ஓடினேன், வெட்கத்தை விட்டு.

முப்பத்தோராம் நாள் சடங்கில் அண்ணையின் மனைவி என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். அவரை நான் அக்கா என்பேன். என் கையைப் பிடித்த பிடி வலித்தது.

“தங்கச்சி, அண்டைக்குக் காலமை நான் ஏசினனான். கூரை ஒழுகுது, ஆளைக் கூப்பிடுங்கோ எண்டு மூண்டு நாளாச் சொன்னன். இவர் பெட்டி பாக்கப் போறன் எண்டு வெளிக்கிடுறார். வீடு நனைஞ்சாக் காரியமில்லை, உங்களுக்குப் பெட்டிதான் பெரிசு, அங்கயே போய்க் கிடங்கோ எண்டு சொல்லிப்போட்டன். ஒண்டும் பேசாமப் போனவர்.” என் கையை விடாமலே கேட்டார். “அதுக்காகத்தான் செய்தவரோ? நீங்கள் அவரோட கதைக்கிறனீங்கள். உங்களிட்ட ஏதும் சொன்னவரோ?”

“இல்லை அக்கா” என்றேன்.

அந்த இரண்டு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிக்காது. அவர் கேட்டது தன்னால் புருஷன் செத்தாரா என்று. பதில் எனக்குத் தெரியும். பதிலைச் சொன்னால் நான் இன்னார் என்பதும் தெரிந்துவிடும். அதனால் அந்தப் பாரத்தை அவருடைய தலையிலேயே விட்டுவிட்டு, மோதகமும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து, கந்தோரில் முற்பகல் பத்தரை மணி இருக்கும், தம்பலகாமத்து வயல்காணி ஒன்றின் எல்லையை வரைந்துகொண்டிருந்தேன். மேசையில் போன் அதிர்ந்தது. செயலியின் அறிவித்தல். ‘நீங்கள் பின்தொடரும் பெட்டியில் புதிய பதிவு.’ பாறைப் பெட்டி. பதிவு எழுதியவருக்கு நேரே, அண்ணை செயலியிலும் தன் படமாக வைத்திருந்த அந்த நண்டு.

பேனாவை வைத்துவிட்டு வாசித்தேன்.

‘மழைக்குப் பிறகு பார்வையிட்டேன். பெட்டி இடத்தில் இருக்கிறது. உள்ளே ஈரம் இல்லை. கடைசியாகக் கண்டவரின் குறி தாளில் இல்லை. கீழே இன்னொரு பெட்டி தெரிகிறது, நீல மூடி. யாருடையது என்று தெரியும், சொல்ல மாட்டேன். அடுத்த மழைக்குத் தண்ணீரோடு போய்விடும். எடுத்துக்கொண்டு போய் உரியவரிடம் கொடுத்துவிடுகிறேன்.’

கந்தோரில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு முதுகெல்லாம் வியர்த்தது. ஐந்து நிமிடம் நான் அதை உண்மையாகவே நம்பினேன். அவர் அந்தப் பாறையில்தான் நிற்கிறார், இப்போது எழுதுகிறார் என்று நம்பினேன். பிறகு நானாவின் அழைப்பு வந்தது.

“பாத்தீங்களா தங்கச்சி? மௌத்தான மனிசன் எழுதுமா?”

அவருக்கு விளங்கப்படுத்தும்போதுதான் எனக்கே விளங்கியது. பாறையில் சிக்னல் இல்லை. அங்கே எழுதிய பதிவு போனுக்குள்ளேயே கிடக்கும்; எப்போது இணைப்புக் கிடைக்கிறதோ அப்போது தானாகப் போகும். போன் சார்ஜ் தீர்ந்துபோய், விசாரணைக்காகப் பொலிஸில் இருந்தது. யாரோ அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் போட்டிருக்கிறார்கள்.

“சரி” என்றார் நானா. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. “அப்ப அந்த ரெண்டாவது பெட்டி ஆர் வச்ச? உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது நானா.”

சொல்லி முடித்ததும், இனி இப்படியே சொல்லிக்கொண்டிருக்க என்னால் ஏலாது என்று தெரிந்துவிட்டது. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெளிக்கிட்டேன்.

அண்ணையின் வீட்டு வாசலில் இரண்டு மான்கள் நின்றன. எங்கள் ஊரில் மான் வீதியில் திரிவது புதினமில்லை. இவை அவர் போடுகிற மரக்கறித் தோலுக்காக வழக்கமாக வருகிறவை. நான் கேற்றைத் திறந்தபோது விலகவில்லை, தலையைத் தூக்கி எனக்குப் பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்தன. நானும் திரும்பிப் பார்த்தேன். வெறும் வீதிதான்.

அக்கா மேசைக்கு முன் கதிரையில் இருந்தார். மேசையில் போன் சார்ஜில் கிடந்தது. பக்கத்தில் ஒரு காக்கிக் கடித உறை, மணிக்கூடு, திறப்புக்கோர்வை. அவற்றோடு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்கில், நீல மூடி போட்ட ஒரு பெட்டி.

“இண்டைக்குக் காலமைதான் எல்லாத்தையும் தந்தவங்கள்” என்றார். “இந்தப் பெட்டி அவற்ற சேட்டுக்குள்ள இருந்ததாம். தெறியெல்லாம் பூட்டி, உள்ளுக்க வச்சிருந்தவராம். ஏன் தங்கச்சி சேட்டுக்குள்ள வச்சவர்?”

எனக்கு அந்தத் தடம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பாசியில், ஐந்து விரல் அகலத்துக்கு.

“ரெண்டு கையும் வேணும் அக்கா” என்றேன். “ஏறுறதுக்கு.”

நான் என் போனை எடுத்து அண்ணையின் பதிவை வாசித்தேன். ‘உள்ளே ஈரம் இல்லை’ என்பதோடு நிறுத்திவிடலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது. நிறுத்தவில்லை. ‘கொடுத்துவிடுகிறேன்’ வரைக்கும் வாசித்தேன். வாசிக்கும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

“திரும்பி வரத்தான் ஏறியிருக்கிறார்” என்றார் அக்கா. அதை இரண்டு தரம் சொன்னார். முகத்தைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதார். நாற்பது நாளாக அவர் இப்படி அழுததை நான் பார்க்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். தாள் இவ்வளவுக்குப் பிறகும் நனையவில்லை. அதில் ஒரே ஒரு குறி.

“இது ஆற்ற?”

“என்ர அக்கா. என்ர பெட்டி. அவற்ற பெட்டியை எனக்குக் கண்டுபிடிக்க ஏலாமப் போச்சு. கண்டனான் எண்டு பொய்யா எழுதிப்போட்டு இதைக் கீழ வச்சனான். இதை எடுக்கத்தான் அவர் இறங்கினவர். உங்கட ஏச்சாலயில்லை.”

வெளியே மான் ஒன்று கேற்றில் கொம்பை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா ஏசுவார், அடிப்பார், வெளியே போ என்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மூடியை எடுத்து, நாலு மூலையும் ஒவ்வொன்றாக அழுத்தி மூடினார். ஈரம் போகாமல் எப்படி மூட வேண்டும் என்று அண்ணை அவருக்கும் காட்டியிருக்க வேண்டும். பிறகு பெட்டியை மேசையின் மேலால் என் பக்கம் தள்ளினார்.

“உங்களிட்டத் தாறதுக்குத்தான் எடுத்துக்கொண்டு வந்தவர். கொண்டுபோங்கோ.”

நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவர் இருங்கோ என்றும் சொல்லவில்லை, போங்கோ என்றும் சொல்லவில்லை.

பஸ் தரிப்பில் நின்று செயலியைத் திறந்தேன். நான் எழுதிய ‘கண்டேன்’ என்பதை அழித்தேன். ‘நாலு தரம் தேடினேன். கிடைக்கவில்லை. கண்டதாக எழுதியது பொய். நீல மூடி என்னுடையது’ என்று எழுதி அனுப்பினேன். நானாவின் போனுக்கு அது போகும். யாரோ ஜெர்மன்காரருக்கும் போகும். பெட்டியின் சொந்தக்காரருக்குக் கட்டாயம் போகும். அந்த வீட்டு மேசையில், அக்காவுக்கு முன்னால், அவருடைய போன் அப்போது ஒரு தரம் அதிர்ந்திருக்கும்.